அலைன்மென்ட் செய்தால் ஸ்டியரிங் நடுக்கம் போய்விடுமா?

"எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? அலைன்மென்ட் செய்தால் போதும், பேலன்சிங் வீண் செலவு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. அது பிசகினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாததுதான். அதைச் சமப்படுத்துவதுதான் பேலன்சிங்.

ரிம் ஓரத்தில் 20 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். சின்னக் காரின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றும். அப்போது அந்த 20 கிராம் ஏறக்குறைய மூன்றரை கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை உலுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாததற்கு இதுவே காரணம்.

நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரங்களையும், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரங்களையும் முதலில் பாருங்கள். ரிம்முக்குள் காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலே போதும், நடுங்கும். அதைக் கழுவாமல் பேலன்சிங் செய்யாதீர்கள். டயரைக் கழற்றி மாட்டினால் மறுபடி பேலன்சிங் அவசியம். அப்புறம், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.