கட்டிலுக்கு முன்னால் காகிதம்

பெங்களூர் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் நம் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைத் தம்பிகளின் விதவைகளுக்கு ஒரு இல்லம் கட்டாயம் வேண்டும். ஆனால் லண்டன் செல்சீயில் இருக்கும் முன்னாள் சிப்பாய்கள் இல்லம் மாதிரி வேண்டாம்.

அது இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1682-இல் தொடங்கியது; 1692-இல் ஓய்வுபெற்ற சிப்பாய்கள் குடியேறினார்கள். சேர்கிறவர் ராணுவப் பென்ஷனை விட்டுக்கொடுக்க வேண்டும், மனைவியைக் காப்பாற்றும் பொறுப்பும் இருக்கக்கூடாது. 2009-இல் பெண்களைச் சேர்த்தார்கள், அவர்களும் தாங்களே ராணுவத்தில் இருந்தவர்கள். சிப்பாயின் விதவை என்பதற்காக அங்கே யாருக்கும் அறை கிடையாது.

இங்கே கட்டுகிறவர்கள், சேர வரும் அம்மாவின் பென்ஷன் அவர் கையிலேயே இருக்கும்படி பாருங்கள். கட்டில் வாங்குவதற்கு முன், பென்ஷன் காகிதம் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளை அமர்த்துங்கள்.

முதல் சிக்கல் பெயர். பிபிஓ என்ற பென்ஷன் உத்தரவில் 'காளியம்மாள்', ஆதாரில் 'காளியம்மா எம்'. நம் இனிஷியல் வழக்கம் எந்த வடக்கத்திய படிவத்திலும் ஒழுங்காக உட்காராது. கணவர் இருக்கும்போதே ரெக்கார்ட்ஸில், அதாவது அவர் படையின் ஆவண அலுவலகத்தில், திருத்தினால் வேலை சுலபம். அவர் போன பிறகு, இரண்டு பெயரும் ஒருவருக்கே என்று அஃபிடவிட்டோடு அலைய வேண்டும். சேப்பர்ஸ் ரெக்கார்ட்ஸ் பெங்களூரிலேயே இருக்கிறது, நேரில் போகலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்.

இறப்பை உடனே தெரிவிக்காவிட்டால் கணவரின் பழைய பென்ஷனே கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். சாதாரண குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். கூடுதலாக வந்ததைப் பின்னால் மொத்தமாகப் பிடிப்பார்கள், அந்த மாதங்களில் மருந்துக்கே கஷ்டம்.

நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று. ராணுவப் பென்ஷனுக்கான ஆன்லைன் முறையான ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் பென்ஷன் தரும் இடமாகப் பழைய வங்கியின் பெயரைக் குறித்தால் சான்று போய்ச் சேராது, பென்ஷன் நின்றுவிடும். ஸ்பர்ஷ் - பிசிடிஏ பென்ஷன்ஸ் என்று இருப்பதைத்தான் குறிக்க வேண்டும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரலைக் கருவியில் பத்து முறை அழுத்த வைக்காதீர்கள். செல்போனில் முகம் காட்டியே சான்று எடுக்கலாம், வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் வலிப்பது 80 வயது விஷயம். அந்த வயதில் அடிப்படைக் குடும்பப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40. குறைந்தபட்சமான 9,000 ரூபாயில்கூட அது 1,800, அதற்கு அகவிலைப்படி தனி. பழைய பிபிஓ பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே கிடையாது. தேதி ஏறாமல் கூடுதல் தொகை தானாக வராது. இல்லத்தில் சேரும் நாளிலேயே பிபிஓ-வை வாங்கி முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் மறுநாளே ஆதார் நகலோடு மனு போக வேண்டும்.