கூ.கூ.

போன வாரம் ஒரு கல்லூரியில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருக்கச் சொன்னார்கள். தலைப்பு 'என் ஊர்'. நாற்பது தாள்கள். பாதிக்கு மேல் 'மனித வாழ்வில் இன்றியமையாத இடம் வகிப்பது பிறந்த ஊரே ஆகும்' என்கிற ரகத்தில் தொடங்கின. அந்த ஊரில் பஸ் எங்கே நிற்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா, ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முன்னுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகத்தை நிரப்பியே மதிப்பெண் வாங்கி வந்தவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? நானும் அப்படித்தான் எழுதினேன். என் எழுத்தை ஒருவர் நான்கு முறை திருப்பித் தரும் வரை.

1997இல் வேதியியல் படிக்கச் சேர்ந்தேன். பகுதி ஒன்று தமிழ் எங்களுக்கெல்லாம் தூங்குகிற பாடவேளை. இரண்டாம் ஆண்டில் வந்த தமிழ் ஐயா வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தைக் கட்டுரைக்கு ஒதுக்கினார். ஒரே ஒரு பக்கம். அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டேன் என்றார். கூடுதல் தாள் வாங்கினால் கூடுதல் மதிப்பெண் என்று நம்பி வளர்ந்த எங்களுக்கு அதுவே அதிர்ச்சி.

அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தது. மதிப்பெண் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் 'கூ.கூ.', 'மி.கூ.', 'செ.தே.' என்று எழுத்துகள் மட்டும். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குப் பத்துக் குற்றங்கள் சொல்லியிருக்கிறார் அல்லவா, அவற்றின் சுருக்கம். கூறியது கூறல், மிகைபடக் கூறல், சென்று தேய்ந்து இறுதல். பள்ளியில் நாங்கள் ஒப்பித்துவிட்டு மறந்த சூத்திரத்தை அந்த மனிதர் திருத்துகோலாக வைத்திருந்தார். என் தாளில் 'கூ.கூ.' அதிகம். ரயில் ஓடுகிறது என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

நான் எழுதியிருந்தது அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றி. 'உழைப்பே உயர்வு தரும்' என்று தொடங்கி எட்டு வரி. எட்டையும் அடித்திருந்தார், பக்கத்தில் 'வெற்றெனத் தொடுத்தல்' என்று முழுதாகவே எழுதியிருந்தார், சுருக்க மனம் வரவில்லை போலும். கீழே ஒரு வரியை மட்டும் வட்டமிட்டிருந்தார்: 'அப்பா டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடுவார்.' அதன் அருகே ஒரு கேள்வி: 'பிறகு?'

அந்தப் 'பிறகு?'வைத்தான் என் எழுத்துப் படிப்பின் முதல் பாடம் என்று சொல்வேன். இரண்டாம் முறை பஞ்சர் ஒட்டுவதை மட்டும் எழுதினேன். அதற்கும் 'மற்றொன்று விரித்தல்' வந்தது, நடுவே சைக்கிளின் வரலாற்றை நுழைத்திருந்தேன். எனக்கு அழுகையே வந்தது. எழுதுவது வரம், வந்தால் வரும் என்று நினைத்திருந்தவனுக்கு, அது அடித்து எழுதுகிற வேலை என்று புரிய மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆயின.

தங்கையின் மகள் அமெரிக்காவில் பொறியியல் படிக்கிறாள். முதல் ஆண்டில் எழுத்துப் பயிற்சி வகுப்பு அவளுக்குக் கட்டாயம். ஒரு கட்டுரைக்கு மூன்று வரைவு. அங்கே இது பழைய ஏற்பாடு. ஹார்வர்டில் 1880களிலேயே பாரெட் வெண்டல் என்ற ஆசிரியர் மாணவர்களைத் தினம் ஒரு சிறு கட்டுரை எழுதவைத்தார். அங்குள்ளதெல்லாம் உயர்வு என்று நான் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: பருவத் தேர்வில் எழுதிய கட்டுரை எங்கோ ஒரு திருத்தும் மையத்தில் கட்டுக்குள் போய்விடுகிறது. எழுதியவன் அதை மறுபடி பார்ப்பதே இல்லை. எங்கே சறுக்கினோம் என்று தெரியாதவன் எதைத் திருத்திக்கொள்வான்?

எழுபது பேர் உள்ள வகுப்பில் இது நடக்குமா என்று பேராசிரிய நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வகுப்பில் அறுபது பேர். ஐயா வாரம் பதினைந்து பேரின் தாளைத்தான் புதிதாக வாங்குவார். மற்றவர்கள் பழைய தாளைத் திருத்தி எழுத வேண்டும். ஒரு பக்கம் என்ற கட்டுப்பாடு எங்களுக்காக மட்டும் இல்லை, அவருக்காகவும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பருவத் தேர்வில் நூலகத்தின் பயன்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எட்டு உபதலைப்பு போட்டு, பழையபடியே முழங்கிவிட்டு வந்தேன். நல்ல மதிப்பெண்.

மூன்றாம் வரைவைக் கொடுத்தபோது ஐயா சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. இதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு வா என்றார். இரவு கடையைச் சாத்தும் நேரத்தில் படித்துக் காட்டினேன். அப்பா கைத்துணியில் விரல்களைத் துடைத்தபடி கேட்டார். முடித்ததும், உப்புத்தாள் தேய்த்தது சரி, சொல்யூஷன் தடவியதும் சரி, உடனே ஒட்டிவிட்டாயே என்றார். அது காய வேண்டும், ஈரத்தோடு ஒட்டினால் பத்தடி போவதற்குள் பிய்த்துக்கொள்ளும், அதுவரை நான் என்ன செய்வேன் என்று நீ பார்த்ததே இல்லையா என்றார்.

பார்த்திருக்கிறேன். டியூபை முகத்துக்கு நேரே பிடித்து, சூடான தேநீரை ஆற்றுவதுபோல் ஊதிக்கொண்டே வாடிக்கையாளரிடம் ஊர்க்கதை கேட்பார். நான்காம் வரைவை அங்கிருந்து தொடங்கினேன்.