பெயர் மாறிய துணி

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், தறியில் பட்டை பட்டையாக நெய்து தைக்கிற கென்டே துணியில் ஒரு வடிவம் உண்டு. 1957 கடைசியில் அப்போதைய பிரதமர் குவாமே நிக்ருமா எகிப்துப் பெண் ஃபாத்தியாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அதற்கு 'ஃபாத்தியா ஃபத்தா நிக்ருமா' என்று பேர் வைத்தார்கள். நிக்ருமாவுக்கு ஏற்றவள் ஃபாத்தியா என்று அர்த்தம். 1966 பிப்ரவரியில் நிக்ருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ராணுவமும் போலீஸும் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்தன. துணி அதேதான், நிறமும் கட்டமும் அதேதான், பேர் மட்டும் மாறிப்போனது: 'ஒபாகோஃபோ ம்மு மான்'. ஒற்றை ஆள் நாட்டை ஆள்வதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, கானாவின் கலை என்றதும் 'பழம்பெரும் பாரம்பரியம்' என்று ஆரம்பிக்கிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பாரம்பரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் துணி என்பது அரசியல் பேசுகிற ஓர் இடம். நாம் டீக்கடையில் பேசுவதை அவர்கள் தறியில் பேசியிருக்கிறார்கள்.

கானாவின் துறைமுக நகரமான தேமாவில் வேலை பார்க்கும் நண்பன் போன தடவை வந்தபோது கழுத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு கென்டே பட்டை கொண்டுவந்து கொடுத்தான். அகலம் என் உள்ளங்கை அளவு, நாலு அங்குலம் இருக்கும். கையில் வாங்கியதும் முதலில் தெரிவது கனம். ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நெருக்கி நெருக்கி அடித்திருப்பதால் வண்ணக் கட்டங்கள் வருகிற இடங்களில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலே கண்ணில் படாது. கென்டே தறியில் வருவதே இந்த அகலம்தான். கானாவின் அசாந்தே இனத்து நெசவாளர் (மரபாக ஆண்கள்தான் நெய்வார்கள்) கால் விரல்களுக்கு இடையே கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாவைப் பிரிப்பார். பாவின் மறுமுனை தறிக்கு முன்னால் தள்ளி, தரையில் ஒரு பாரத்தோடு கட்டிக் கிடக்கும். நெய்ய நெய்ய அந்தப் பாரம் இவரை நோக்கி நகர்ந்து வரும். இப்படி நெய்த பட்டைகளை இருபதுக்கு மேல் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால்தான் ஓர் ஆண் போர்த்திக்கொள்கிற முழுத்துணி கிடைக்கும்.

சிலந்தி வலையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கலை என்று அசாந்தே நெசவாளர்களின் ஊரான பொன்விரேயில் கதை சொல்வார்கள். அழகான கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு: 18-ஆம் நூற்றாண்டில் அசாந்தே அரசவைக்குத் துணி நெய்ய, ஐரோப்பிய வியாபாரிகள் கொண்டுவந்த பட்டுத் துணிகளை வாங்கி, இழை இழையாகப் பிரித்து, அந்த நூலைத் தங்கள் தறியில் ஏற்றினார்கள். வந்த துணியை அப்படியே உடுத்திக்கொள்ளவில்லை. 'கலப்பே இல்லாத, தூய ஆப்பிரிக்கக் கலை' என்று தேடுகிறவர்களுக்கு இது கசக்கும். எனக்கென்னவோ இதில்தான் கெத்து தெரிகிறது. (முதலில் நெய்தது அசாந்தே இனமா, ஏவே இனமா என்று அங்கே ஒரு பழைய சண்டை இருக்கிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.)

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற இரவு. 1957 மார்ச் 6 பிறந்த நேரம், அக்ரா போலோ மைதானம். பிரிட்டிஷ் ஆட்சி முடிந்து சுதந்திரம்; கோல்ட் கோஸ்ட் என்ற பேர் போய் கானா வருகிறது. அந்தப் பேரே கடன் வாங்கியதுதான். பழைய கானா பேரரசு இருந்தது பல நூறு கிலோமீட்டர் தள்ளி, இன்றைய மவுரித்தானியா, மாலி பக்கம். மேடையில் நிக்ருமா போட்டிருந்தது கென்டே இல்லை. வடக்கத்திக்காரர்களின் ஃபுகு, பட்டை பட்டையாகத் தைத்த தொளதொள மேல்சட்டை. அவரோ தென்மேற்குக் கோடியில் ன்சீமா இனத்து ஆள். ஃபுகுவும் அவருடையதில்லை, கென்டேயும் அவருடையதில்லை.

ஏன் ஃபுகு? என் கணிப்பைச் சொல்கிறேன். 1954-இல் அசாந்தே தலைநகர் குமாசியில் தொடங்கிய கட்சி, கூட்டாட்சி கேட்டு அவரைத் தண்ணி குடிக்க வைத்திருந்தது. அசாந்தே அரசபீடமும் அதன் பக்கம்தான். அந்த நேரத்தில் அசாந்தே அரச துணியைப் போர்த்திக்கொண்டு 'எல்லாருக்கும் பொதுவான நாடு' என்று சொன்னால் எடுபடுமா? அதிகாரத்திலிருந்து தள்ளியே வைக்கப்பட்டிருந்த வடக்கின் சட்டையைப் போட்டது, பேச்சுக்கு முன்பே பேசிய பேச்சு. சரி, மூன்றே வருஷத்தில் 1960-இல் ஐ.நா. சபையில் அதே மனிதர் கென்டே போர்த்தி நின்றார். உலகத்தின் முன் கானா என்றால் கென்டே என்று ஆனதில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு.

அந்த வருஷம் கானா ஐ.நா.வுக்குப் பரிசாகக் கொடுத்த கென்டேயின் பேர் 'திகோரோ ன்கோ அஜினா', ஒரு தலை மட்டும் கூடி ஆலோசனை ஆகாது. கொடுத்தவர் 1964-இல் ஒற்றைக் கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார். 1966-இல் அவர் மனைவி பேரிலிருந்த துணிக்கு ஜனங்கள் வைத்த பேரை மேலே சொல்லிவிட்டேன்.

துணியாவது ஜனங்கள் கையில் இருந்தது. தங்கம் அப்படி இல்லை. 1874-இல் பிரிட்டிஷ் படை குமாசி அரண்மனையைச் சூறையாடி எடுத்துப்போன நகைகளும் சடங்குப் பொருள்களும் லண்டனுக்குப் போயின. 150 வருஷம் கழித்து 2024-இல் அங்கிருந்த இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் 32 பொருள்களை குமாசிக்கு அனுப்பின, கடனாக. மூன்று வருஷத் தவணை. வேண்டுமானால் இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கலாமாம். நிரந்தரமாகக் கொடுக்க அவர்கள் நாட்டுச் சட்டம் தடுக்கிறதாம். திருடு போன வீட்டுக்காரனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் வீட்டுப் பொருளை இரவல் கொடுப்பதற்கு என்ன பேர்? அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் ஓர் அருங்காட்சியகம் ஏழு பொருள்களை நிபந்தனையே இல்லாமல் திருப்பிக் கொடுத்தது. ஆக, மனசிருந்தால் முடிகிறது.

நண்பன் கொடுத்த பட்டையை விரித்துவைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மஞ்சள், பச்சை, நடுநடுவே கருப்புக் கட்டம். நேற்று போன் பண்ணி, இந்த வடிவத்துக்கு என்னடா பேர் என்று கேட்டேன். "விலைதான் கேட்டேன், பேரைக் கேட்கலையே" என்றான். அந்தக் கடைக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான்.