பூனை மம்மி எல்லாம் செல்லப்பிராணி இல்லை

“எகிப்தில் கிடைத்த பூனை மம்மிகள் எல்லாமே வீட்டில் செல்லமாக வளர்ந்தவை” என்று சிலர் சொல்வது தவறு. செல்லப்பூனைக்குச் சான்று வேண்டுமென்றால் பண்டைய எகிப்திய இளவரசர் துத்மோஸ் வளர்த்த ‘தா-மியு’ என்ற பூனையைச் சொல்லலாம். அதற்குச் சுண்ணாம்புக்கல்லில் சவப்பெட்டி, அதில் காணிக்கை மேசைக்கு முன் பூனை உட்கார்ந்திருப்பதாகச் செதுக்கியிருக்கும், எழுத்தில் இறந்த மனிதரைப் போலவே பூனையின் பெயரும் ‘ஓசிரிஸ்’ (இறந்தோரின் தெய்வம்) என்ற அடைமொழியோடு வரும். அது அபூர்வம்.

பிற்காலத்தில் குவிந்தவை பெரும்பாலும் பூனைத் தெய்வமான பாஸ்தெத் போன்ற தெய்வங்களுக்கான காணிக்கை. அதற்கென்றே வளர்த்து, குட்டியிலேயே கழுத்தை முறித்தது எக்ஸ்-ரேயில் தெரிகிறது. காணிக்கைப் பெட்டியில் எழுத்து இருந்தால் பெரும்பாலும் “பாஸ்தெத் இன்னாருக்கு வாழ்வு தரட்டும்” என்றிருக்கும்; அந்த இன்னார் பூனை அல்ல, காணிக்கை தந்தவர்! இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 800-க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்தபோது, சுமார் மூன்றில் ஒன்றில் எலும்பே இல்லை, சேறு, நாணல் போன்றவைதான்.