'செட்' இல்லைங்க, 'ரன்'

"ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் 'செட்', மொத்தம் 430" என்று ஒரு பார்வர்டு மறுபடி சுற்றுகிறது. முழுப் பொய் இல்லை, பழைய கதை. 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 2-ஆம் பதிப்பில் அதுதான் நிலவரம், அதுவும் வினைச்சொல்லுக்கு மட்டும். அப்புறம் அகராதியைத் திருத்திக்கொண்டே வந்ததில் 2011 வாக்கில் 'ரன்' முந்திவிட்டது. வினையாக மட்டுமே 645 பொருள்.

ஓடுவதற்கு அத்தனையா என்றால், மூக்கு ஒழுகினாலும் ரன், துணியில் சாயம் இறங்கினாலும் ரன், கம்பெனி நடத்தினாலும் ரன், தேர்தல் வந்தால் நாம் நிற்கிறோம், அமெரிக்கர்கள் 'ரன்' செய்கிறார்கள்!

அதே பார்வர்டின் கடைசியில் ஜாக், ஸ்பிரின்ட், மேனேஜ், ஃப்ளோ என்று ஒரு பட்டியல் போட்டு, எல்லாம் 'ரன்'னுக்கு இணைச்சொல், எதை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்கிறார்கள். இதுதான் சுத்தத் தப்பு. ஒவ்வொரு இணைச்சொல்லும் ஏதோ ஒரு பொருளுக்குத்தான் இணை. கம்பெனியை 'மேனேஜ்' செய்யலாம், சரி. சாயம் 'ஸ்பிரின்ட்' ஆகாது. ஜாக் என்றால் மெதுவோட்டம், ஸ்பிரின்ட் என்றால் தலைதெறிக்க ஓடுவது, அந்த இரண்டுமே ஒன்றுக்கொன்று பொருந்தாதே.