"பெரும்பாலும்" என்று எழுதியதற்குப் போன அரை மதிப்பெண்

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் விலங்கியல் விடைத்தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். மரபுக் குறியீட்டின் பண்புகளை எழுதச் சொல்லிக் கேள்வி. "இது பெரும்பாலும் எல்லா உயிர்களுக்கும் பொதுவானது" என்று எழுதியிருந்தாள். "பெரும்பாலும்" மட்டும் சிவப்பு மையில் அடிபட்டிருந்தது, அரை மதிப்பெண் குறைந்திருந்தது. விடைக்குறிப்பில் அந்தச் சொல் இல்லையாம்.

அரை மதிப்பெண் போனால் போகட்டும். ஆனால் அடிபட்ட அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. உயிர்வேதியியல் படித்தவள் நான், எனக்கு மனசு ஆறவில்லை.

பள்ளியில் படித்தது மறந்திருந்தால், சுருக்கமாக: புரதம் செய்வதற்காக, செல் தன் டி.என்.ஏ.வின் நகலான ஆர்.என்.ஏ.வை ஏ, யூ, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில், மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கிறது. அப்படி 64 மூன்றெழுத்துச் சொற்கள் உண்டு. 61 சொற்கள், புரதச் சங்கிலியின் கண்ணிகளான 20 அமினோ அமிலங்களுக்கு, மிச்சம் மூன்றும் "இத்தோடு நிறுத்து" என்பதற்கு. இதுதான் மரபுக் குறியீடு. 1961 மே மாதம் அமெரிக்காவின் பெதெஸ்தாவில் நைரன்பர்க், மத்தேய் என்ற இரண்டு ஆய்வாளர்கள், யூ மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வைப் பாக்டீரியாச் சாற்றில் சேர்த்தார்கள். ஃபினைல் அலனைன் என்ற அமினோ அமிலம் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது. முதல் சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. அடுத்த ஐந்து வருடத்தில், எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் என்ற அட்டவணை முழுவதும் நிரம்பியது. அதில் ஒரு பெரும்பங்கு ஹர் கோவிந்த் கொரானாவுடையது. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவர், 1968இல் நோபல் பெற்றார்.

அன்று ராத்திரி அவளை உட்காரவைத்து ஒரு வேலை செய்தோம். அட்டவணையைப் பெரிதாக வரைந்து, தண்ணீரோடு ஒட்டும் அமினோ அமிலங்களுக்கு நீல பென்சில், தண்ணீரை விட்டு விலகுபவைக்கு ஆரஞ்சு. நடுவெழுத்து யூவாக வரும் நிரலை முடித்ததும், "அம்மா, இது மொத்தமும் ஆரஞ்சு!" என்றாள். ஆமாம், 16 கட்டமும். ஏ நடுவில் வரும் நிரலோ கிட்டத்தட்ட முழுக்க நீலம். மூன்றாவது எழுத்தைப் பார்த்தால், பாதி இடங்களில் அது எதுவாக இருந்தாலும் அமினோ அமிலம் மாறுவதே இல்லை.

இப்படி அமைந்ததால் என்ன லாபம் என்று கேட்டாள். அரிவாள் செல் சோகையை எடுத்துக் காட்டினேன். இந்தியாவில் அதை முதன்முதலில் கண்டறிந்து எழுதியது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள், அதில் ஆறாவது இடத்தில் ஜிஏஜி என்ற சொல் ஜியூஜி ஆகிவிடுகிறது. ஒரே எழுத்து, அதுவும் நடுவெழுத்து. நீலத்தில் இருந்த குளூட்டமிக் அமிலம் ஆரஞ்சுக்குத் தாவி வாலைன் ஆகிறது. ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நார் நாராகிச் சிவப்பணுவை வளைக்கிறது. அதே சொல்லில் மூன்றாம் எழுத்து ஏ ஆகியிருந்தால் அதே குளூட்டமிக் அமிலம்தான் வந்திருக்கும், யூவோ சியோ ஆகியிருந்தால் அதன் பங்காளி போன்ற அஸ்பார்டிக் அமிலம். அட்டவணை பிழையைத் தாங்கும் விதமாக அமைந்திருக்கிறது, எல்லாப் பிழையையும் அல்ல என்றாலும். 1998இல் ஃப்ரீலாந்த், ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் கணினியில் 10 லட்சம் அட்டவணைகளைத் தாறுமாறாகக் கலைத்து ஒப்பிட்டார்கள். பிழையின் பாதிப்பைக் குறைப்பதில் இயற்கையின் அட்டவணையை மிஞ்சியது ஒன்றே ஒன்று.

முதலெழுத்து ஜியாக இருக்கும் வரிசையையும் பாருங்கள். வாலைன், அலனைன், அஸ்பார்டிக், குளூட்டமிக், கிளைசின். உயிரே இல்லாமல் உருவாகக்கூடிய எளிய அமினோ அமிலங்கள் இவை. 1969இல் ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் ஐந்துமே கிடைத்திருக்கின்றன. ஆதியில் சில சொற்களோடு தொடங்கிய அட்டவணை, செல் புதுப்புது அமினோ அமிலங்களைத் தயாரிக்கப் பழகப் பழக விரிந்திருக்க வேண்டும் என்ற கருத்து எனக்குச் சரியாகப் படுகிறது. சரி, புரதம் செய்யப் புரதம் வேண்டுமே, அப்போது விதை முதலா மரம் முதலா? 2000இல், செல்லுக்குள் புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோமின் அமைப்பு தெளிவானபோது இதற்கு ஒரு பிடி கிடைத்தது. பெரிய பாதியில் அமினோ அமிலங்களைக் கோக்கும் இடத்தில் வேலை செய்வது ஆர்.என்.ஏ.தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு விடுவித்தது சின்னப் பாதியின் அமைப்பை. மூன்றெழுத்துச் சொல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அங்கேதான், அங்கேயும் சரிபார்ப்பது ஆர்.என்.ஏ.தான்.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 1968இல் இந்த அட்டவணையை "உறைந்துபோன தற்செயல்" என்றார். எப்படியோ ஒருமுறை அமைந்துவிட்டது, பிறகு ஒரு சொல்லின் பொருளை மாற்றினாலும் ஆயிரக்கணக்கான புரதங்கள் ஒரேயடியாகக் கெடும், அதனால் மாறவே முடியவில்லை என்பது அவர் வாதம். பாதி சரி என்பேன். தற்செயல் மட்டும் என்றால் அந்த ஆரஞ்சு நிரல் வந்திருக்காது. முழுக்க உறைந்தும் போகவில்லை. 1979இல், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும், தனக்கென்று சொந்த டி.என்.ஏ. வைத்திருக்கும் மனித மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தபோது, மற்ற இடங்களில் "நிறுத்து" என்று பொருள்படும் யூஜிஏ, அங்கே டிரிப்டோஃபேன் என்று தெரிந்தது. வெறும் 13 புரதங்களுக்கான குறிப்பை வைத்திருக்கும் குட்டி டி.என்.ஏ. அது. கெடுவதற்கு அங்கே அதிகம் இல்லை, அதனால் மாற்றம் பிழைத்துக்கொண்டது. குழந்தைகளின் வாயில் வெள்ளை படர வைக்கும் கேண்டிடா பூஞ்சை, சியூஜி என்ற சொல்லை லியூசினுக்குப் பதில் செரைன் என்றே பெரும்பாலும் படிக்கிறது. பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிருக்கு யூஏஏவும் யூஏஜியும் நிறுத்தக் குறிகளே இல்லை.

அட்டவணை ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் நாம் எல்லோரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்று தெரிகிறது. அங்கங்கே மாறியிருப்பதால் அதுவும் வளர்ந்து வந்த ஒன்று என்று தெரிகிறது. "பெரும்பாலும்" என்பதை அடித்துவிட்டால் இந்த இரண்டாவது பாதி குழந்தைக்குப் போய்ச் சேராது. மாறாத ஒன்றை மனப்பாடம் செய்யத்தானே தோன்றும்? அவளுடைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும், என்னிடமிருந்து அவளுக்குப் போன மைட்டோகாண்ட்ரியாவிலேயே, அந்த விதிவிலக்கு இருக்கிறதே!

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விடைக்குறிப்பில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் இந்தப் பாடத்தன்று பிள்ளைகளிடம் இரண்டு கலர் பென்சில் கொண்டுவரச் சொல்லுங்கள். 64 கட்டத்துக்கு ஒரு பீரியட் போதும்.