வாசலைத் திறக்கும் வார்த்தை

அக்கா நேற்று ஒரு விளம்பரம் அனுப்பி, "போகலாமாடி?" என்று கேட்டிருந்தாள். ஒரு சொகுசு விடுதியில் அமெரிக்கப் பழங்குடிகளின் வியர்வைக் குடில் சடங்கு. உடம்பிலுள்ள நச்செல்லாம் வியர்வையோடு போய்விடுமாம். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்தப் பழங்குடிகளில் ஒரு பிரிவான லக்கோட்டா மக்கள் இதை 'இனிபி' என்பார்கள். வில்லோ மரக் கொம்புகளை வளைத்து நட்டு, அந்தக் காலத்தில் தோல், இப்போது கம்பளியும் தார்ப்பாயும் போர்த்திய தாழ்வான குடில். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். நடுவில் ஒரு குழி. வெளியே நெருப்பில் சிவக்கக் காய்ந்த கற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதில் இறக்குவார்கள். அந்தக் கற்களைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். வாசலை மூடினால் கும்மிருட்டு. கல்லில் தண்ணீர் விழுந்து 'ஸ்ஸ்' என்று சீறும், ஆவி முகத்தில் அறையும், பாட்டும் வேண்டுதலும் எழும். பெரும்பாலும் நான்கு சுற்று, இடையிடையே வாசல் திறக்கும்.

நுழையும்போது 'மிதாகுயே ஓயாசின்' என்பார்கள். எல்லோரும் என் உறவு என்று அர்த்தம். சூடு தாங்காதவர் உள்ளேயிருந்து அதே வார்த்தையைச் சொன்னால் பல குடில்களில் உடனே வாசலைத் திறந்துவிடுவார்கள். எனக்கு இந்தச் சடங்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நச்சு போகும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. ஆனால் ஆறுதல் நிஜம். 1883-இல் அமெரிக்க அரசு போட்ட விதிகள் பழங்குடிச் சடங்குகளைக் குற்றமாக்கின. 1978-இல்தான் அவர்களின் சமய உரிமைக்கென்று சட்டம் வந்தது. அத்தனை காலமும் மறைத்து மறைத்துக் காப்பாற்றியது இது. கனடாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழியைப் பறிகொடுத்தவர்கள் இந்த இருட்டில்தான் உறவுகளோடு தோள் உரச உட்கார்ந்து அழுகிறார்கள். அங்கே சிறைகளுக்குள்ளும் இந்தக் குடில் உண்டு.

இதே சடங்கு 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே மூன்று உயிர்களை வாங்கியது. நடத்தியவர் ஜேம்ஸ் ஆர்தர் ரே, சுயமுன்னேற்றப் பேச்சாளர். ஆளுக்கு 9,000 டாலருக்கு மேல் கட்டணம். பாலைவனத்தில் ஒன்றரை நாள் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தவர்களை, 50 பேருக்கு மேல், ஒரே குடிலில் அடைத்தார்கள். தவித்தவர்களிடம் "தாங்கிக்கொள்ளுங்கள், இதைத் தாண்டி வாருங்கள்" என்றுதான் சொன்னார். 2011-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை இரண்டு வருடம்.

எங்கள் சடங்கை விற்காதீர்கள் என்று லக்கோட்டாக்கள் 1993-லேயே பிரகடனம் செய்திருந்தார்கள். யார் காதிலும் விழவில்லை. சடங்கை நடத்தி, கல்லில் தண்ணீர் ஊற்றுகிறவர் பெரியவர்களிடம் வருடக்கணக்கில் பழகி, அவர்கள் சம்மதம் பெற்ற பிறகுதான் அந்த இடத்தில் உட்காருவார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு உயிருக்கும் அவர் பொறுப்பு. வார இறுதிப் பயிற்சியில் அது வருமா?

அக்கா பிரஷர் மாத்திரை போடுகிறவள். காலையில் முதல் வேலையாக போன் போட்டு, "பணம் கட்டிடாதே, உனக்கு அழணும்னா இங்க வா" என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகிறாள்.